மோன்டி ரோசியில் ஒரு கருப்புப் படிகம்

கத்தானியாவிலிருந்து நிகோலோசிக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சிசிலித் தீவின் கிழக்குக் கடற்கரையில் கிளம்பி 700 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். வழியெல்லாம் வீட்டுச் சுவர், தெருவில் பாவிய கல், தோட்டத்து மதில் எல்லாமே கருப்பு. எட்னா எரிமலை கக்கியதைத்தான் வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். பேருந்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் மேலே, கேபிள் கார் கிளம்பும் இடத்துக்குப் போகிறவர்கள். நான் நிகோலோசியிலேயே இறங்கிக்கொண்டேன். உச்சிப் பக்கம் மறுநாள் போனேன், மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஆசைப்பட்டு வந்தது மோன்டி ரோசியைப் பார்க்க.

'சிவப்பு மலைகள்' என்று பொருள். ஊரை ஒட்டி இரட்டைக் குன்றாக நிற்கிறது. கல்லில் உள்ள இரும்பு சூட்டில் துருவேறியதால் அந்தச் சிவப்பு. 1669 மார்ச் 11-க்கு முன்பு இப்படி ஒரு குன்றே இங்கே கிடையாது. அதற்கு முந்தைய நாட்களில் நிலம் விடாமல் நடுங்கி நிகோலோசியின் வீடுகள் இடிந்து விழுந்தன. பிறகு நிலம் பிளந்தது. நான்கு மாதம் வழிந்த எரிமலைக் குழம்பு வழியில் இருந்த ஊர்களை மூடிக்கொண்டே போய், கத்தானியாவின் மதிலைத் தாண்டிக் கடலில் இறங்கியது.

அந்த நாட்களில் மக்களிடம் இருந்ததெல்லாம் கடப்பாரையும் தோலும்தான். தியேகோ பாப்பலார்தோ என்பவர் கத்தானியாவிலிருந்து சில பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்தியபடி, ஓடும் குழம்பின் இறுகிய கரையை உடைத்து வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். திரும்பவும் செய்தது. ஆனால் திரும்பிய பக்கம் பத்தெர்னோ ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஆயுதத்தோடு வந்து அவர்களை விரட்டிவிட்டார்கள். இந்தக் கதையில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பைன் மரங்களுக்கு நடுவே பாதை ஏறுகிறது. காலடியில் நொறுங்குவது மண் இல்லை, பொரி போலத் துளை விழுந்த கல். ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கும். சரிவில் குந்தி உட்கார்ந்து விரலால் அளைந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது, கிடைத்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தளவு, கரிய நிறம், பட்டை தீட்டியதுபோல முகங்கள். ஆகைட். பைராக்சீன் என்னும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுற்றியிருந்த பொரிக்கல் உதிர்ந்துபோனாலும் உறுதியான படிகம் மட்டும் தனியாகக் கிடக்கிறது. கல்லூரியில் ஜியாலஜி படித்த காலத்திலிருந்து படத்தில் மட்டுமே பார்த்தது. கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

ஏன் இத்தனை பரவசம்? பனங்கற்கண்டு எப்படி வளர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பதநீரைக் காய்ச்சிப் பானையில் ஊற்றி நூல் கட்டி வைத்தால், பாகிலிருந்து சர்க்கரை மெல்ல மெல்ல நூலில் ஏறும். பூமிக்குள் மாக்மா என்னும் உருகிய பாறைக் குழம்பில் படிகம் வளர்வதும் அப்படித்தான், படலத்தின் மேல் படலமாக. ஒவ்வொரு படலமும் அந்தச் சமயத்தில் தன்னைச் சுற்றி இருந்த குழம்பின் சேர்மானத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதியில் யாரோ பானையில் வேறு பாகை ஊற்றினால்? அதற்குப் பின் ஏறும் படலம் வேறு மாதிரி இருக்கும். பூமிக்குள் அந்த வேறு பாகு, ஆழத்திலிருந்து புதிதாக மேலேறி வரும் சூடான மாக்மா. அதில் குரோமியம் அதிகம். ஆகவே படிகத்தை வெட்டிப் பார்த்தால் குரோமியம் திடீரென்று கூடும் ஒரு வளையம் தெரியும்.

எட்னாவின் பைராக்சீன்களில் இந்த வளையத்தைத் தேடிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தெரேசா உபிதே, பால்ஸ் காம்பர் இருவரும் செய்தது. படிகத்தின் வெட்டுமுகத்தை லேசரால் வரிவரியாகச் சுரண்டி, எழும் தூளில் என்னென்ன தனிமம் என்று அளந்து, ஒரு வரைபடமாகவே எடுத்தார்கள். 1970-களுக்குப் பிந்தைய வெடிப்புகளில் வந்த பல படிகங்களில் குரோமிய வளையம் விளிம்பை ஒட்டி இருந்தது. அதாவது புது மாக்மா வந்து சேர்ந்தபின் படிகம் வளரக் கொஞ்ச காலமே கிடைத்திருக்கிறது. அது வந்து சேர்ந்த இடம் சுமார் 10 கிலோமீட்டர் ஆழம். அங்கே அப்படி வந்து சேர்ந்தால் 90 சதவீதம் வரை வெடிப்பில் முடிகிறது, அதுவும் இரண்டு வாரத்துக்குள். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலத்தைக் கணக்கிட இன்னொரு வழியும் உண்டு, அது ஒலிவின் என்னும் இன்னொரு கனிமத்தின் படிகங்களில் நன்றாக வேலை செய்யும். புதுச் சுங்குடிச் சேலையை நனைத்தால் கரையின் சாயம் உடலுக்குள் ஊறும். எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். வெந்நீர் என்றால் வேகமாக ஊறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். படிகத்தில் இரண்டு படலங்கள் சந்திக்கும் கோட்டிலும் இரும்பும் மக்னீசியமும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று ஊறுகின்றன. வெடித்துச் சிதறிக் குளிர்ந்த நொடியில் ஊறல் நின்றுபோகும். கடிகாரம் நின்ற இடம் அது.

பல்லாவரத்துச் சார்னகைட் பாறையிலும் பைராக்சீன் உண்டு. மாணவனாக இருந்தபோது அதைச் சுத்தியலால் உடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. பூமியின் ஆழத்தில் நெடுங்காலம் சூட்டில் கிடந்ததால் சாயம் முழுக்க ஊறி, வளையம் என்று சொல்லப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சவில்லை. எட்னாவின் படிகங்கள் அவசரமாக வெளியே வந்தவை, அதனால்தான் அவற்றில் கடைசி நாட்களின் எழுத்து அழியாமல் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படிகம் முன்கூட்டி எச்சரிக்காது. அது நம் கைக்கு வருவதே வெடிப்போடு சேர்ந்துதான். ஆனால் பழைய வெடிப்புகளின் படிகங்கள் 10 கிலோமீட்டர் ஆழத்தைக் காட்டினால், அடுத்த முறை அதே ஆழத்தில் நடுக்கம் பதிவாகும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1980 முதல் 1986 வரை வெடித்தவற்றின் படிகங்களை எடுத்து, அவற்றின் விளிம்புகள் வளர்ந்த காலத்தை அன்றைய நடுக்கப் பதிவுகளோடும் வாயு அளவுகளோடும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்திவந்தன. 2012-இல் அந்த முடிவு வெளியானது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான ஒப்பீடு அதுதான். 1669-க்கு அப்படிப் பொருத்திப் பார்க்கக் கருவிப் பதிவு கிடையாது. இடிந்த வீடுகளைப் பற்றி எழுதிவைத்தவை மட்டும் இருக்கின்றன.

படிகத்தை எடுத்த குழியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். மனசு வரவில்லைதான்.

தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். எட்னாவைப் பெயர் சொல்லாமல் 'மலை' என்று மட்டும்தான் சொல்கிறார், அதுவும் ஒரு பெண்ணைச் சொல்வதுபோல. சாயங்காலம் மாடியில் கூட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுச் சந்தில், பூந்தொட்டிகளுக்குப் பின்னால், எத்தனை கூட்டினாலும் கருப்பு மணல் மிஞ்சுகிறது. நான் ஒரு சிட்டிகை எடுத்து லென்ஸில் பார்ப்பதைக் கவனித்தவர் உள்ளே போய் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தார். பாதி வரை கருப்புச் சரளை. கைபேசியின் மொழிபெயர்ப்பு வழியாக, வானத்திலிருந்து இது கொட்டிய அன்று அள்ளி வைத்தது என்றார். பேரனுக்குக் காட்டவாம்.

என்றைக்கு என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, 2021 பிப்ரவரி 16 என்றார். அன்று கத்தானியா விமான நிலையத்தையே மூடினார்கள். ஒரு காகிதத்தில் கொஞ்சம் கொட்டி மடித்துக் கொடுத்தார். தேதியைப் பொட்டலத்தின் மேல் எழுதச் சொல்லி அவரிடமே பேனாவை நீட்டினேன்.