வரிசைக்கும் ஒரு விலை

அக்கா மகனின் விடுமுறைக்காக ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு டிக்கெட் எடுக்கலாமென்று இன்று காலை கைப்பேசியைத் திறந்தால், வரிசையில் நிற்காமல் முன்னால் போவதற்கென்றே தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

சிறு வயதில் எங்களுக்குச் சுற்றுலா என்றால் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையின் வி.ஜி.பி. கோல்டன் பீச் பூங்காதான்.

ராட்டினங்களைவிட அங்கே என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவர், யார் சிரிக்க வைத்தாலும் அசையாமல் சிலைபோல நிற்கும் சிலை மனிதர். சித்தப்பா முகத்தைக் கோணலாக்கி, சினிமா வசனம் பேசி, கடைசியில் கெஞ்சியே பார்த்துவிட்டார். அந்த மனிதரின் உதட்டோரம்கூட அசையவில்லை. சுற்றி நின்று சிரித்த கூட்டத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று எதுவும் இல்லை.

வரிசையைத் தாண்டக் காசு கேட்பது நம் ஊர்க் கதை மட்டுமன்று. டிஸ்னி பூங்காக்களில் நீண்ட வரிசையில் நிற்காமல் முன்னால் போவதற்காக 1999இல் இலவசமாக அறிமுகமான ஃபாஸ்ட்பாஸ் என்ற சீட்டு முறை, அமெரிக்காவில் 2021இல் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் கட்டணச் சேவை வந்தது.

பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் செலவு உண்டு. நுழைவுக் கட்டணம் ஏறுவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் வெயிலில் காத்திருக்கும் ஒரு பிள்ளையின் கண்ணெதிரே, அதே வயதுப் பிள்ளையைப் பணத்துக்காக முன்னால் அனுப்புவதை வசதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.