கோலிக்குண்டு பின்பால்: மூன்றாவது வாரம், ஒரு காயில் (கம்பிச்சுருள்) காலி

பின்பால் என்றால் சாய்ந்த பலகையில் குண்டை ஓடவிட்டுப் பாயிண்ட் சேர்க்கிற ஆட்டம். அந்த மெஷின் வாங்க என்னிடம் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அதனால் ஒரு கிறுக்கு: கோலிக்குண்டை வைத்து வீட்டிலேயே ஒன்று செய்வது, அதிலும் பின்பால் செய்த கோட்லீப் கம்பெனி போன வழியிலேயே போவது, அவர்கள் முதலில் செய்ததை முதலில், அப்புறம் செய்ததை அப்புறம்.

டேவிட் கோட்லீப் 1927இல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி அது. 1931இல் வந்த பேஃபிள் பால்தான் அவர்களைத் தூக்கிவிட்டது. கடை மேசையில் வைக்கிற பெட்டி, விலை 17.50 டாலர், ஏறக்குறைய 50,000 விற்றது. கரண்ட் இல்லை, பட்டனை அமுக்கினால் குண்டைத் திருப்பி அடிக்கிற ஃபிளிப்பர் என்ற மட்டையும் இல்லை. கம்பியை இழுத்து விட்டால் குண்டு மேலே போய், ஆணிகளில் முட்டி முட்டி ஏதோ ஒரு குழியில் விழும், அவ்வளவுதான் ஆட்டம்.

இதென்ன பெரிய வேலை என்று ஒரு ப்ளைவுட் பலகையில் கோலப் புள்ளி மாதிரி வரிசை பிசகாமல் ஆணி அடித்தேன். பத்துத் தடவை விட்டதில் எட்டுத் தடவை அதே குழி! ஒரு வாரம் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து ஆணியை ஒவ்வொன்றாக லேசாக வளைத்தபிறகுதான் குண்டு கொஞ்சம் தயங்கி, ‘இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா’ என்று நிற்க ஆரம்பித்தது. ஆட்டமே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. கோட்லீப்பால் கேட்ட அளவுக்குப் பெட்டி செய்து கொடுக்க முடியவில்லை, சரக்குக்காகக் காத்திருந்து அலுத்துப்போன விநியோகஸ்தர் ரேமண்ட் மலோனி 1932இல் பேலிஹூ என்று தானே ஒன்றைச் செய்து இறக்கிவிட்டார், பேலி என்ற இன்னொரு பின்பால் கம்பெனி பிறந்தது அப்படித்தான்.

இரண்டாவது வாரம் டில்ட். குண்டு போகிற போக்கு பிடிக்காவிட்டால் பெட்டியையே ஆட்டுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தானே. அப்படி ஆட்டுவதைக் கண்டுபிடிக்கிற ஊசல், ஹாரி வில்லியம்ஸ் என்ற பின்பால் வடிவமைப்பாளரின் கைங்கரியம், கோட்லீப்புடையது இல்லை, இருந்தாலும் சேர்த்துக்கொண்டேன். கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒரு சின்ன நட்டு, அதைச் சுற்றி ஒரு கம்பி வளையம்; நட்டு வளையத்தில் பட்டால் பஸ்ஸர் அலறும். அக்கா பையன், “மாமா, நான் ஆட்டவே இல்ல” என்று சத்தியம் செய்கிறான், பஸ்ஸர் நம்ப மறுக்கிறது.

இந்த வாரம்தான் ஃபிளிப்பர். 1947இல் கோட்லீப்பின் ஹம்ப்டி டம்ப்டி என்ற மெஷினில் வடிவமைப்பாளர் ஹாரி மாப்ஸ் வைத்தது, பக்கத்துக்கு மூன்றாக ஆறு. எல்லாம் வெளிப்பக்கம் பார்த்தபடி! இன்றைக்குப் பார்த்தால் தலைகீழாக மாட்டியது போலத் தெரிகிறது. ஆனால் அதுவரை இழுத்து விட்டதோடு கை கட்டி நின்றவனுக்கு, குண்டைத் திருப்பி அடிக்க வழி கிடைத்தது அப்போதுதான். அடுத்த வருஷமே ஜென்கோ கம்பெனியின் ஸ்டீவ் கோர்டெக், இரண்டு போதும் என்று அடியில் வைத்துவிட்டார்.

நான் ஃபிளிப்பரை இழுக்க 12 வோல்ட் சொலினாய்டு, அதாவது கரண்ட் பாய்ந்தால் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிற காயில், வாங்கி மாட்டினேன். அடித்தது! சந்தோஷத்தில் பட்டனை அமுக்கியே பிடித்திருந்தேன், அரை நிமிஷத்தில் தீய்ந்த வாசனை, சுற்றியிருந்த டேப் இளகி விரலில் ஒட்டிக்கொண்டது. என் காயில் சும்மா ஒரு சில நொடி வேலைக்கானது. பிறகு படித்தால், பின்பால் காயிலில் இரண்டு சுற்று இருக்குமாம்: தடிக் கம்பி அடிப்பதற்கு, மெல்லிய கம்பி தாங்கிப் பிடிப்பதற்கு. ஃபிளிப்பர் முழுதாக மேலே போனதும் ஒரு சுவிட்ச் திறந்து, கரண்டை மெல்லிய கம்பி வழியாகவும் திருப்பிவிடும். அதனால்தான் அமுக்கிப் பிடித்தாலும் எரிவதில்லை.

கோட்லீப் கம்பெனிக் கதையின் பின்பாதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சினிமாக் கம்பெனியான கொலம்பியா பிக்சர்ஸ் அதை வாங்கியது, 1982இல் க்யூபர்ட் வீடியோ கேம் ஓடியது, பெயர் மைல்ஸ்டார் என்று மாறியது, 1984இல் மூடியது, ப்ரீமியர் என்ற பெயரில் 1996 வரை இழுத்தது.

இப்போதைக்கு இடது ஃபிளிப்பர் மட்டும் அடிக்கிறது. எரிந்த வலது பக்கத்துக்கு ஒரு ஐஸ் குச்சியை ஒட்டி வைத்திருக்கிறேன், அக்கா பையன் அதை விரலால் தட்டித்தான் ஆடுகிறான், அதிக பாயிண்டும் அவனுக்குத்தான்.