பழைய கேபினெட்டில் புதிய மதர்போர்டு
பிராண்டட் கணினியின் பழைய கேபினெட்டில் புதிய மதர்போர்டைப் பொருத்தி, பவர் பட்டனை அழுத்தியதும் மின்விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிட்டால், போர்டு பழுது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். மதர்போர்டின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் வரையறுக்கும், 1995-இல் அறிமுகமான ஏடிஎக்ஸ் (ATX) அளவுமுறையைப் பின்பற்றாத கேபினெட்டுகளில், போர்டைத் தாங்கும் உலோகத் தூண்களில் ஒன்று, திருகுத் துளையே இல்லாத இடத்தில் அடிப்பக்கத்துச் சால்டர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடக்கூடும். என் கணினியில் நேர்ந்தது அதுதான். போர்டை வெளியே எடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பவர் சப்ளையின் 24 பின் (pin) இணைப்பையும் பிராசசருக்கான தனி 12 வோல்ட் இணைப்பையும் செருகி, பவர் சுவிட்சுக்குரிய இரு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டபோது திரை உயிர்பெற்றது. முன்பக்கப் பட்டனின் வயர்கள் ஒரே கட்டையாக வரும் கேபினெட்டுகளில், பின்களின் வரிசையையும் மதர்போர்டின் கையேட்டோடு ஒப்பிட்டே செருக வேண்டும்.