சுவரின் விலை: ஆய்வு நாட்குறிப்பு

2026 ஜனவரி 6, செவ்வாய்

பழைய அடுக்குமாடி வீடொன்றின் குளியலறைக் கூரையில் துளைத்தெடுத்த கான்கிரீட் துண்டை இன்று உடைத்து, உடைந்த முகத்தில், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தோம். உட்பகுதி நொடியில் அடர் இளஞ்சிவப்பாகிவிட, வெளியோரத்தில் ஒரு பட்டை மட்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றது. காற்றிலிருந்த கரியமிலவாயு அந்த ஆழம்வரை புகுந்து, பிஎச் அளவு 13ஐ ஒட்டியிருந்த காரத்தன்மையை 9க்கும் கீழே இறக்கியிருக்கிறது. அந்தப் பட்டை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை எட்டினால் கம்பியைக் காக்கும் படலம் அழியும். துரு பருத்துக் கலவையைப் பெயர்த்துத் தள்ளும்.

ஜனவரி 9, வெள்ளி

கான்கிரீட் வெடிப்பைச் சிமெண்டுக்குப் பதில் பாக்டீரியாவால் அடைக்க முடியுமா என்று பார்க்கிறோம். யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாவுக்கு யூரியாவும் கால்சியமும் கொடுத்தால், அது வெடிப்புக்குள் சுண்ணாம்புப் படிகத்தை வளர்க்கிறது. 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரையிலிருந்து படிகமாகப் பிரித்து, நொதி என்பது புரதமே என்று காட்டியதும் இதே யூரியேஸைக் கொண்டுதான். சிமெண்டுக்குப்போலச் சூளை வேண்டாம் என்பது பெரிய லாபம்: ஒரு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எரிபொருளின் புகை நீங்கலாகவே, 440 கிராம் கரியமிலவாயு வெளியேறும். ஆனால் பாக்டீரியா வழியில் ஒரு கிலோ படிகத்துக்கு 600 கிராம் யூரியா செலவாகி, 360 கிராம் அம்மோனியம் கழிவுநீரில் சேர்கிறது. அதைச் சுத்திகரிக்கும் செலவைச் சேர்க்காமல் இதை மலிவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

கட்டடக்கலைத் துறைத் தோழியுடன் சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போயிருந்தேன். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் உட்சுவர்களுக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, காய்ந்த பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். புரதமும் சர்க்கரையும் படிகம் வளரும் விதத்தையே மாற்றும் என்று நாங்கள் ஆய்வகத்தில் அளந்து பார்ப்பதை, அந்தக் கைகள் பழக்கத்தால் அறிந்திருந்தன. அவை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள்; செலவு குறைந்ததும் அவர்களுடைய உழைப்பால்தான். ஒரு சுவரின் விலையைச் சொல்லும்போது யாருடைய பங்கு விடுபட்டது என்று கேட்பதும் பொருளியலின் வேலை என்று தோழியிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 14, புதன்

இந்த ஆண்டு முதல் சிங்கப்பூரின் கரிம வரி, வெளியேறும் கரியமிலவாயு டன்னுக்கு 45 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இருந்தும் நாம் பயன்படுத்தும் சிமெண்டின் மூலப்பொருளான, சுட்டெடுத்த கிளிங்கர் கட்டிகள் வெளிநாட்டுச் சூளைகளில் சுடப்படுவதால், அந்தப் புகை இந்த வரிக்குள் வருவதில்லை. பிறர்மேல் விழும் செலவை வரியால் விலைக்குள் கொண்டுவரலாம் என்று 1920இல் பொருளியலாளர் ஆர்தர் பிகு எழுதினார்; புகை ஒரு நாட்டிலும் சுவர் இன்னொரு நாட்டிலும் இருக்கும்போது அந்த வரியை எங்கே விதிப்பது என்பதே என் ஆய்வேட்டு அத்தியாயத்தின் கேள்வி. ஆகவே சிமெண்டையும் பாக்டீரியாப் படிகத்தையும் ஒப்பிடும் அட்டவணையில் அயல்நாட்டுப் புகைக்கும் அம்மோனியச் சுத்திகரிப்புக்கும் தனித்தனி வரிசை ஒதுக்கினேன். பாக்டீரியாப் படிகம் வெடிப்பை அடைக்குமே தவிர, சிமெண்டைப்போலக் கம்பிக்குக் காரப் பாதுகாப்பு தராது. எனவே கூரைப் பலகையை விட்டுவிட்டு, கம்பியில்லாத நடைபாதைக் கற்களில் முதல் சோதனையைத் தொடங்கத் தோழியும் ஒப்புக்கொண்டார். அச்சுக்கான வரைபடத்தைத் திங்கட்கிழமை தருகிறார்.