1967 கமாரோவின் பின் சஸ்பென்ஷன்: நாலு லிங்க்கா, நல்ல பட்டையா?

ஷெவர்லேயின் பழைய கமாரோ கார் வாங்கியவர்கள் முதலில் கைவைப்பது என்ஜினில்தான். எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவரும் அப்படித்தான் செய்திருந்தார். கம்பெனியிலிருந்து வந்த 327 கன அங்குல என்ஜினை இறக்கிவிட்டு, கிட்டத்தட்ட 300 குதிரைத்திறன் தருகிற 350 ஒன்றை ஏற்றியிருந்தார். பின்னால் எதையும் தொடவில்லை. முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சம் வேகமாக விட்டால் போதும், பின்பக்கம் தடதடவென்று எகிறும். டயர் வெறுமனே சுற்றினால்கூடப் பரவாயில்லை. இது வழுக்கி, பிடித்து, மறுபடி வழுக்கி, ஒரு நொடிக்குள் பல தடவை நடக்கிற குதிப்பு. வீல் ஹாப் என்பார்கள். இதை இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் டிரைவ்ஷாஃப்டின் மூட்டான யு-ஜாயின்ட் போகும், இல்லையென்றால் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பினியன் கியரின் பல் போகும்.

இந்த வியாதிக்குப் பேர்போனது 1967 மாடல். அந்த வருஷத்து கமாரோவை அடையாளம் காண்பது சுலபம்: கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும், பக்கவாட்டில் மார்க்கர் லைட் இருக்காது. கீழே குனிந்து பார்த்தால் இன்னும் இரண்டு அடையாளம் உண்டு. பின் ஆக்ஸிலைத் தாங்குவது பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங் எனப்படும் வளைந்த எஃகுப் பட்டை. ஷெவி டூ காரில் 1962-லேயே வந்த அதே ஏற்பாடு. அப்புறம் குலுக்கலை அடக்கும் ஷாக் இரண்டுமே ஆக்ஸிலுக்கு முன்பக்கம் நிற்கும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் அந்தப் பட்டைக்கு இரண்டு வேலை. வண்டியின் எடையைத் தாங்குவது ஒன்று. ஆக்ஸில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிப்பதும், தன் அச்சில் முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பதும் இன்னொன்று. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் சக்கரம் முன்னால் உருள, அதற்கு எதிராக ஆக்ஸிலின் உறையான ஹவுசிங் பின்பக்கமாகச் சுழலப் பார்க்கும். பினியன் மூக்கு மேலே தூக்கும். ஒற்றைப் பட்டையால் அந்த முறுக்கைத் தாங்க முடியாது. ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைந்துகொள்ளும். டயர் வழுக்கிய கணத்தில் வளைந்த பட்டை படாரென்று நிமிரும், ஹவுசிங் பழைய நிலைக்கு வரும், டயருக்கு மறுபடி பிடிப்பு கிடைக்கும், மறுபடி முறுக்கும். சுற்று முடியவே முடியாது.

ஷெவர்லேவுக்கு இது தெரியாமல் இல்லை. 1967-லேயே வலுவான சில மாடல்களுக்கு வலதுபக்கம் ஆக்ஸில் சுழலாமல் பிடிக்கும் ஒரு டிராக்‌ஷன் பார் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து வந்த போன்டியாக் ஃபயர்பேர்டிலும் அதே வேலைக்கான ரேடியஸ் ராட் என்ற கம்பியைச் சேர்த்திருந்தார்கள். 1968-இல் ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். ஹவுசிங் சுழலப் பார்த்தால் ஒன்று அமுங்கும், மற்றது நீளும். இரண்டும் சேர்ந்து அந்தச் சுழற்சியை அடக்கும். வலுவான மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் அந்த வருஷம் வந்துவிட்டது. என் வண்டி அந்த ஒரு வருஷத்துக்கு முன்னால் பிறந்தது, அவ்வளவுதான்.

எதைப் போடுவது என்பதுதான் உண்மையான தலைவலி. கேட்லாக்கைத் திறந்தால் எல்லாமே அழகாக இருக்கிறது. பவுடர் கோட் அடித்த லிங்க் கம்பிகளும் சுருள் ஸ்பிரிங் சுற்றிய காயில்ஓவர் ஷாக்குகளும் பளபளவென்று மின்னுகின்றன. பட்டைக்குப் பதிலாக நாலு கம்பிகளால் ஆக்ஸிலைப் பிடிப்பதுதான் நாலு லிங்க். ரைட்டெக் கம்பெனியின் போல்ட் போட்டு மாட்டுகிற நாலு லிங்க் செட்டை நான் வெகுநாள் யோசித்தேன். அதில் மேல் லிங்க் இரண்டும் சாய்வாக நிற்பதால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கிற வேலையும் அவற்றுக்கே. அதற்கென்று பான்ஹார்ட் பார் என்ற குறுக்குக் கம்பி தனியாகத் தேவையில்லை. ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கினால் போதும், மற்ற எல்லாம் லிங்க் பார்த்துக்கொள்ளும். கோட்பாட்டில் இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை, அதை நான் மறுக்க மாட்டேன். டெட்ராய்ட் ஸ்பீட் கம்பெனியின் குவாட்ராலிங்க் இதைவிட ஒரு படி மேல். பான்ஹார்ட் பாருடன் வரும், வளைவில் லிங்க் சுதந்திரமாக முறுகும். ஆனால் அதற்குத் தரையை அறுத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸே 1982 முதல் 2002 வரை கமாரோவில் வைத்த, ஒரு நீளக் கையால் ஹவுசிங் சுழலாமல் பிடிக்கிற டார்க் ஆர்ம் முறையையும் இந்தப் பழைய உடலுக்கு ஏற்றபடி விற்கிறார்கள். பின் சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகிற சஸ்பென்ஷன் செட்கூடக் கிடைக்கிறது; அதன் விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

நேர்க்கோட்டில் கால் மைல் ஓடுவது மட்டுமே ஆசை என்றால் கால்ட்ராக்ஸ் பார் இருக்கிறது. பட்டைக்கு அடியில் ஓடுகிற கம்பி அது. ஹவுசிங் சுழலும்போது அந்தக் கம்பி முன்னால் தள்ளும், முன்முனையில் இருக்கும் தட்டு திரும்பிப் பட்டையின் முன்பாதியை மேலிருந்து அழுத்தும். முறுக்குகிற விசையையே டயரைத் தரையில் பதிக்கிற விசையாக மாற்றுகிற ஏற்பாடு. மிக எளிமையான, மிகப் புத்திசாலித்தனமான சாமான். டிராக் ரேஸ் ஆட்கள் இதைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நான் என்ன ஓட்டுகிறேன்? கோடையில் மிச்சிகன் ரோடுகள், ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகிற டிரீம் க்ரூஸ், எப்போதாவது கூம்பு வைத்து நடத்துகிற ஆட்டோகிராஸ். டயர் 245 மில்லிமீட்டர் அகலம், அதற்கு மேல் வேண்டாம். இதற்கு நாலு லிங்க் தேவையா என்று கேட்டால் மனசு ஆமாம் என்றது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் பதில் மாறியது.

இந்த கமாரோவுக்கு முன்பாதியில்தான் சப்ஃபிரேம் எனப்படும் தனிச் சட்டகம். பின்பாதி முழுக்கத் தகடு மடித்துச் செய்த ரெயில் என்கிற நீளச் சட்டம்தான். பல வருஷம் உப்பு தூவிய குளிர்கால ரோட்டில் ஓடிய வண்டி. சுத்தியலின் பின்முனையால் பின் ரெயிலைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கிறது. பட்டையின் பின்முனையை ரெயிலோடு இணைக்கும் ஷாக்கிள் இருக்கிற இடத்துக்கு, வலதுபக்கம் வந்ததும் சத்தம் மழுங்கியது, மேல் பூச்சு செதிலாக உதிர்ந்தது. உள்ளே தகடு ஓட்டையாகவில்லை. மெலிந்திருக்கிறது. போல்ட் போடும் நாலு லிங்க் என்றாலும் அதன் குறுக்குச் சட்டம் உட்காருவது இந்த ரெயில்மேல்தான். முன்பு ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்குப் போன விசையை, இந்தத் தகடு ஒருபோதும் சுமந்திராத இடங்களுக்குக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். மெலிந்த ரெயிலில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சஸ்பென்ஷன் தேர்வு கேட்லாக்கில் ஆரம்பிக்கக் கூடாது, ரெயிலில் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நாலு லிங்க்கைத் தவிர்த்ததால் டெயில்பைப்பை வேறு வழியாகத் திருப்புகிற வேலையும் எனக்கு மிச்சமானது.

லீஃப் ஸ்பிரிங் என்றாலே மாட்டுவண்டிச் சாமான் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. 1968-லும் 1969-லும் அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத் தொடரில் பட்டத்தை வென்ற பென்ஸ்கி அணியின் கமாரோக்கள் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கோடுதான் ஓடின. 1968-இல் நடந்த 13 பந்தயங்களில் அந்த அணியின் மார்க் டோனஹ்யூ 10-ஐ வென்றார். பொறியியல் படித்த ஓட்டுநர் அவர். பட்டையைத் தூக்கி எறியவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். நாம் வார இறுதியில் ஓட்டுகிற வேகத்துக்கு அது போதாது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே முடிவு இது: ஒரு அங்குலம் தாழ்வான பல பட்டை ஸ்பிரிங், பில்ஸ்டீன் ஷாக், புது ஷாக்கிள், பட்டையின் முனைகளில் செருகுகிற புது புஷ். எல்லாம் சேர்த்தும் நாலு லிங்க் விலையில் பாதிகூட ஆகவில்லை. மிஞ்சிய பணம் ரெயிலைச் சரிசெய்வதற்குப் போனது. தெரிந்த ஒரு வெல்டர் மெலிந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்துக் கொடுத்தார். அந்தச் செலவில் எனக்குத் துளி வருத்தமில்லை.

வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஒற்றைப் பட்டைக்கான கீழ்த்தட்டு பல பட்டைக்கு உட்காராது. தட்டு, ரப்பர் பேட், யு-போல்ட் எல்லாம் பல பட்டைக்கு உரியதாகச் சேர்த்தே வாங்குங்கள்.

கழற்றுவதில் வேலை வாங்கியது முன் கண், அதாவது பட்டையின் முன்முனையில் இருக்கும் வளையம். பட்டையின் முன்முனையைப் பிடித்திருக்கிற பெட்டி மூன்று போல்ட்டால் தரையோடு இறுகியிருக்கும். அந்த போல்ட்டுகள் தகட்டுக்குள் செருகிய கிளிப் நட்டுகளில் ஏறுகின்றன. மேலிருந்து ஸ்பானர் போட வழியில்லை. துருப்பிடித்த வண்டியில் அவசரப்பட்டு இம்பாக்ட் கன்னை வைத்தால் நட்டும் கூடவே சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் பின்சீட்டைக் கழற்றித் தரையில் துளை போட வேண்டியதுதான். நான் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து ஊறவிட்டு, கொஞ்சம் சூடு காட்டி, கையால் கால் சுற்று இறுக்கி, அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி ஆயில் அடித்து என்று மெதுவாகவே எடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டும் விடும்போது ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த ஓசையில் வருகிற நிம்மதி தனி. புது கிளிப் நட்டுகள் விலை மலிவு. பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

புஷ் விஷயத்தில் எல்லோரும் பாலியூரிதேன் என்கிறார்கள். நான் ரப்பரையே போட்டேன். வளைவில் வண்டி சாயும்போது ஆக்ஸில் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். அப்போது ஸ்பிரிங்கின் கண் முறுகிக் கொடுக்க வேண்டும். கெட்டியான புஷ் அதைத் தடுத்து வண்டியை விறைப்பாக்கும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். ரப்பர் புஷ்ஷுக்கு ஒரு விதி உண்டு. கண் போல்ட்டையும் ஷாக்கிள் போல்ட்டையும் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டி முழு எடையோடு தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான். ஸ்டாண்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும்; உயரம் தப்பாகும், புஷ் சீக்கிரம் கிழியும். நான் பின் சக்கரங்களை ராம்ப்மேல் ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் போய் இறுக்கினேன்.

அடுத்தது பினியன் கோணம். கியர்பாக்ஸின் பின்முனை 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தது, பினியன் 3 டிகிரி மேலே நின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக இருப்பதால் நின்ற நிலையில் கணக்குச் சரி. ஆனால் லீஃப் வண்டியில் வேகம் எடுத்ததும் பினியன் இன்னும் தூக்கும். அதனால் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் 2 டிகிரி ஆப்பு வைத்து மூக்கைக் கீழே இறக்கினேன். இப்போது நிற்கும்போது 1 டிகிரி, இழுக்கும்போது ஏறக்குறைய 3-க்கு வந்துவிடும். நெடுஞ்சாலையில் 70 மைலில் இருந்த மெல்லிய அதிர்வு இதோடு போய்விட்டது.

ஓட்டிப் பார்த்ததில் முதலில் தெரிந்தது அமைதி. அதே இடம், அதே கிளட்ச் விடுப்பு. டயர் ஒருமுறை கீச்சென்று சுற்றி, பிடித்து, வண்டி முன்னால் போனது. எகிறல் இல்லை. காரணம் பல பட்டையின் முன்பாதிதான். அங்கே பட்டைகள் அடுக்காக நின்று, கிட்டத்தட்ட ஒரு லிங்க் மாதிரியே ஹவுசிங்கைப் பிடிக்கின்றன. மேடு பள்ளத்தில் பின்பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் கெட்டிதான். வெறும் வண்டியாகப் போகும்போது பாலத்து இணைப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. பில்ஸ்டீன் அதை ஒரே அசைவில் அடக்கிவிடுவதால் எரிச்சலாக இல்லை. பின்சீட்டில் குழந்தைகள் ஏறினால் இன்னும் இதமாக இருக்கிறது.

என்ஜினை 400 குதிரைத்திறனுக்கு மேல் கொண்டுபோகிறவர்களுக்கும், ஒட்டுகிற டிராக் டயர் போடுகிறவர்களுக்கும் இது போதாது. அவர்கள் இதோடு கால்ட்ராக்ஸையும் சேர்க்கட்டும், அல்லது நல்ல ரெயில் இருந்தால் நாலு லிங்க் பக்கம் போகட்டும். 1968 மாதிரி ஒரு ஷாக்கைப் பின்னால் மாற்றுகிற வேலையையும் யோசித்தேன். மேல் மவுன்ட்டுக்குத் தரையில் வெட்டு வேலை இருக்கிறது, இப்போதைக்குத் தேவைப்படவில்லை.

யு-போல்ட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். இடதுபக்கம் இரண்டு நட்டுகள் சற்றே ஏறின. புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படியும்போது இப்படி ஆகும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற ஸ்வே பாரைப் பின்னால் இன்னும் போடவில்லை. முன்னால் இருக்கிற பாரை முதலில் தடிமனாக மாற்றி, கூம்புகளுக்கு நடுவில் வண்டியின் மூக்கு வளைவை விட்டு வெளியே எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்த பிறகே பின்னால் எந்த அளவு என்று முடிவெடுப்பேன்.