எந்த விளக்குக்கு எந்த எண்ணெய்

தொண்ணூறுகளில் எங்களோடு படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அடியில் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், நடுவில் திரி, போத்தலே சிமினி. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்று, எரிபொருளுக்கும் தடை வந்த பிறகு எங்கள் விவாத அணி பயிற்சி எடுத்தது அந்த வெளிச்சத்தில்தான்.

1993இல் ஒரு போட்டி. தன் வளத்தைத் தானே பூட்டி வைத்திருக்கும் நாடே நிமிர்ந்து நிற்கும் என்று நான் பேச வேண்டும். தடைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட இலகுவான கட்சி ஏது? 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்கர்களே பெற்றோலுக்கு வரிசையில் நின்றதைச் சொன்னேன். 1975இல் தன் மசகு எண்ணெயை, அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெயை, வெளியே விற்க அமெரிக்கா தடை போட்டதைப் புகழ்ந்தேன். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆசிரியர், சேர், ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, எண்ணெய் இருக்குது, சரி. அது உம்மட விளக்குக்கு ஏற்ற எண்ணெயோ?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் பதில் வெளியே றோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில். சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சினால்தான் இஞ்சின் உயிர்க்கும். பிறகு புகை கக்கிக்கொண்டு போகும்.

2015இல் அதே ஏற்றுமதித் தடையை நீக்குவதா என்று வாஷிங்டனில் வாதம் நடந்தபோது நான் ஹூஸ்டனில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. தடை இருக்கட்டும் என்றவர்களிடம் என் பள்ளிக்கூடக் குரலைக் கேட்டேன். பெற்றோல் விலை ஏறிவிடும் என்ற அவர்கள் பயம் எனக்கு விளங்கியது. ஆனால் சேரின் கேள்வி அங்கேயும் வந்து நின்றது. அமெரிக்காவில் ஷேல் என்ற களிப்பாறையிலிருந்து வருவது இலேசான எண்ணெய். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய அமெரிக்கக் கரையின் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் பலவும் வெனிசுவேலா, மெக்சிகோவின் கனத்த எண்ணெய்க்கென்று அமைக்கப்பட்டவை. டீசலாக்கி விற்கலாம், மசகாக விற்கக்கூடாது என்பதே அப்போதைய சட்டம். கனடா போன்ற சில விலக்குகள் மட்டும்.

டிசம்பர் 18ஆம் திகதி தடை நீங்கியது. அந்த மாதக் கடைசி நாளில் தியோ டி என்ற கப்பல் டெக்சஸ் துறைமுகமான கோர்பஸ் கிறிஸ்டியிலிருந்து மசகு எண்ணெயோடு புறப்பட்டது. 2023இல் நாளொன்றுக்கு 4 மில்லியன் பீப்பாய் அளவில் ஏற்றுமதி. 6 மில்லியனுக்கு மேல் இறக்குமதி. தனக்கு ஒவ்வாததை விற்று, ஏற்றதை வாங்குகிறது. நீக்கியது சரி என்றே இன்றும் சொல்வேன்.

பூட்டி வைப்பதன் விலையை 2021 பெப்ரவரியில் வீட்டுக்குள்ளேயே கண்டேன். எண்ணெய் விளையும் டெக்சஸ் பனிப்புயலில் இருண்டது. எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்தன. மாநிலத்தின் மின்வலை பெரும்பாலும் தனித்தே இருப்பதால், பக்கத்து மாநிலங்களிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் எடுக்கவும் வழியில்லை.

நான் ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்துப் பஞ்சு வைத்தேன். வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். வெள்ளைக் கட்டியாக அசையாமல் நின்றது. மகள் சாமியறையிலிருந்து நல்லெண்ணெயை எடுத்து வந்தாள்.

"இது ஏறுமோ அப்பா?"

சேரின் நினைவு வந்தது. திரியை நனைத்துக் கொளுத்தினேன். பற்றியது.