தொட்டில் ஸ்பிரிங்

"அப்பா, நிலாவுல தொங்கவிட்டாலும் அதே நேரம்தான் ஆடுது!"

பதினொன்றாம் வகுப்பு மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளம்; அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். திரையில் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் 100 கிராம் எடை.

நான் நம்பவில்லை. பூமியில் 10 ஆட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் வைத்தேன். அப்புறம் நிலா. அப்புறம் வியாழன்.

வியாழனில் ஸ்பிரிங் பாவம், இழுபட்டு எங்கேயோ கீழே தொங்கியது. ஆனால் ஓர் ஆட்டத்துக்கான நேரம் இம்மிகூட மாறவில்லை.

நுனியில் தொங்கும் கிராமை ஏற்றினால்தான் மாறுகிறது. அதுவும் 4 மடங்கு ஏற்றினால் நேரம் 2 மடங்குதான்.

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். செல்லூர் வீட்டு உத்தரத்தில் மாட்டிய ஸ்பிரிங்கில் சேலைத் தொட்டில். உள்ளே தங்கச்சி மகன். 3 கிலோவாகப் பிறந்தவன், இப்போது 9 கிலோ.

போன வாரம்தான் அம்மா சொன்னார்: "முன்ன மாதிரி துள்ளலையேப்பா, அசமந்தமா ஆடுது."

ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது என்று நான் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணெய் விட்டேன். இன்ஜினியரிங் படித்தவன் வேறு!

இப்போது மகள் தொட்டிலுக்கே ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏய், பிள்ள முழிச்சுக்கிருவான்டி" என்று அம்மா அடுப்படியிலிருந்து.